கத்தி எடுக்காத சிலுவைப் போர்

1229-ம் வருடம் மே மாதம் முதல் தேதி. அதிகாலை நேரம்.

இடம், அக்ரே. இன்றைய இஸ்ரேலின் வடக்கே இருக்கும் ஒரு துறைமுக ஊர். துறைமுகத்துக்குப் போகும் வழியில், இறைச்சிக் கடைகள் நிறைந்த ஒரு தெரு. அந்தத் தெரு வழியாக ஒரு மனிதர், கூடச் சில ஆட்களுடன் அவசர அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஊர் விழிப்பதற்குள் கப்பலேறிவிட வேண்டும். அதுதான் திட்டம்.

திட்டம் பலிக்கவில்லை. கடைக்காரர்கள் பார்த்துவிட்டார்கள். ஆணும் பெண்ணும் கிழவர்களுமாகத் தெருவே கூடிவிட்டது. கையில் கிடைத்ததை எடுத்து வீச ஆரம்பித்தார்கள். இறைச்சிக் கடையில் கைக்கு என்ன கிடைக்கும்? குடல். கொழுப்பு. கழிவு இறைச்சி. அத்தனையும் அந்த மனிதர் மேல் வந்து விழுந்தன.

அடி வாங்கியவர் திருடனோ கொலைகாரனோ இல்லை. புனித ரோமானியப் பேரரசின் சக்கரவர்த்தி. ஜெர்மனி, சிசிலி, ஜெருசலேம் மூன்றுக்கும் ராஜா. பெயர், இரண்டாம் ஃபிரெடரிக்.

வீசியவர்கள் எதிரிகளும் இல்லை. சக்கரவர்த்தி கும்பிட்ட அதே சிலுவையைக் கும்பிட்டவர்கள்.

அப்படி என்ன குற்றம் செய்துவிட்டார்? கிறிஸ்தவ ஐரோப்பா 42 வருடங்களாக அழுது புலம்பிக்கொண்டிருந்த ஜெருசலேம் நகரத்தை, முஸ்லிம்களிடமிருந்து மீட்டுக் கொடுத்தார். அதுவும் ஒரு யுத்தம்கூடச் செய்யாமல்.

'அதுக்குப் போயா குடலால அடிச்சாங்க?' என்று கேட்பீர்கள்.

அதுக்குத்தான்!

இந்த விசித்திரம் புரியவேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வரவேண்டும்.

1095 நவம்பர் 27. பிரான்ஸில் கிளெர்மாண்ட் என்கிற ஊரில் போப்பாண்டவர் இரண்டாம் அர்பன் ஒரு பிரசங்கம் செய்தார். இயேசு பிரான் நடமாடிய பூமி முஸ்லிம்களின் ஆட்சியில் இருக்கிறது. புறப்படுங்கள், மீட்டுவிட்டு வாருங்கள் என்பது சாராம்சம். போகிறவர்களுக்குப் பாவத்தின் தண்டனை தள்ளுபடி என்றும் அறிவித்தார். போதாதா? பிரபுக்கள், விவசாயிகள், சாமியார்கள், பிழைக்க வழியற்றவர்கள் எல்லோரும் தோளில் துணிச் சிலுவையைத் தைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

1099 ஜூலை 15 அன்று ஜெருசலேமின் மதிலைத் தாண்டி உள்ளே குதித்தார்கள். அதன்பிறகு நடந்ததை விவரமாக எழுதினால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. முஸ்லிம்கள், யூதர்கள், பெண்கள், குழந்தைகள் என்று எந்தக் கணக்கும் பார்க்கவில்லை. செத்தவர்கள் எத்தனை பேர் என்பதில் சரித்திர ஆசிரியர்களுக்குள் இன்றும் தகராறு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் என்பதில் மட்டும் தகராறு இல்லை.

88 வருடங்கள் கழித்து, 1187 அக்டோபர் 2-ம் தேதி, சுல்தான் சலாவுதீன் அதே ஜெருசலேமைத் திரும்பப் பிடித்தார். பழிக்குப் பழியாக ரத்த ஆறு ஓடும் என்று உள்ளே இருந்த கிறிஸ்தவர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சலாவுதீன் படுகொலை செய்யவில்லை. மீட்புப் பணம் கேட்டார். ஆணுக்குப் பத்து தினார், பெண்ணுக்கு ஐந்து. கொடுத்தவர்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறலாம். கொடுக்க முடியாத ஏழைகள்? அடிமைகள். ஆயிரக்கணக்கானோர் அப்படி அடிமைகளானார்கள். 1099-டன் ஒப்பிட்டால் இது கருணைதான். ஆனால், அடிமையாகப் போனவர்களிடம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள்.

அந்த நேரத்தில் சலாவுதீனின் தம்பி அல் ஆதில் அண்ணனிடம் வந்து, 'எனக்கு ஓர் ஆயிரம் பேரைக் கொடுங்கள்' என்று கேட்டார். கொடுத்தார்கள். வாங்கிய கையோடு அந்த ஆயிரம் பேரையும் விடுதலை செய்துவிட்டார். இந்த அல் ஆதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் இரண்டாவது நாயகன், இவருடைய மகன்தான்.

பெயர், அல் காமில். எகிப்தின் சுல்தான்.

1218-ல் அல் காமில் பட்டத்துக்கு வந்த நேரம் சரியில்லை. ஐந்தாவது சிலுவைப் போருக்காக வந்த ஐரோப்பியப் படை, நைல் நதி முகத்துவாரத்தில் இருந்த டாமியெட்டா கோட்டையைச் சுற்றி வளைத்து உட்கார்ந்திருந்தது. முற்றுகை ஒரு வருடத்துக்கு மேல் நீண்டது. கோட்டைக்குள் பசி, கொள்ளை நோய். வெளியே சுல்தானின் சொந்த முகாமிலேயே சதி. அல் காமில் யோசித்தார். அந்தக் காலத்தில் யாரும் வாய் திறந்து சொல்லத் துணியாத ஒரு யோசனையைச் சொன்னார்.

'எகிப்தை விட்டுப் போய்விடுங்கள். ஜெருசலேமைத் தருகிறேன்.'

யோசித்துப் பாருங்கள். எதற்காகக் கடல் கடந்து வந்தார்களோ, அதைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். சிலுவைப் படையில் இருந்த ஜான் என்கிற ராஜா, 'வாங்கிக்கொள்வோம்' என்றார். போப்பாண்டவரின் பிரதிநிதியாக வந்திருந்த கார்டினல் பெலாஜியஸ், 'கூடாது' என்றார். எதிரியுடன் பேரம் பேசுவதாவது? ஜெயித்து வாங்க வேண்டும். எகிப்தையும் சேர்த்து வாங்க வேண்டும்.

கார்டினல் பேச்சுதான் எடுபட்டது. 1219 நவம்பரில் டாமியெட்டா விழுந்தது. இரண்டு வருடம் கழித்து, கெய்ரோவையும் பிடித்துவிடலாம் என்று படை கிளம்பியது. கிளம்பியது நைல் நதியில் வெள்ளம் வரும் பருவத்தில்! அல் காமிலின் ஆட்கள் மதகுகளைத் திறந்துவிட்டார்கள். இடுப்பளவு சேற்றில் சிக்கிக்கொண்ட சிலுவைப் படை, 1221 ஆகஸ்டில் சரணடைந்தது. டாமியெட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உயிர் பிழைத்தால் போதும் என்று கப்பலேறியது.

ஜெருசலேமும் இல்லை. எகிப்தும் இல்லை. செத்தவர்கள் செத்ததுதான் மிச்சம்.

இன்னொரு விஷயமும் நடந்தது. 1219-ல், எங்கே ஜெருசலேம் மறுபடி கிறிஸ்தவர்கள் கைக்குப் போய்விடுமோ என்கிற பயத்தில், அல் காமிலின் தம்பியும் டமாஸ்கஸின் அதிபதியுமான அல் முஅஸ்ஸம், அந்த நகரத்தின் மதில்களை இடித்துவிட்டார். யார் பிடித்தாலும் வைத்துக்காக்க முடியாதபடி செய்துவிடுவது என்கிற கணக்கு. ஆக, இரண்டு மதங்களும் மோதிக்கொண்ட அந்தப் புனித நகரம், இப்போது கதவு கழற்றிய வீடு மாதிரி திறந்து கிடந்தது.

சரி, நம் சக்கரவர்த்தி இந்த நேரத்தில் எங்கே?

முதலில் ஜெர்மனியில், பிறகு இத்தாலியில். 'இதோ வருகிறேன், அதோ வருகிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1215-ல் ஜெர்மனியின் ராஜாவாக முடிசூட்டிக்கொண்டபோதே, சிலுவைப் போருக்குப் போவேன் என்று சத்தியம் செய்துவிட்டார். அதன்பிறகு வருடா வருடம் தவணை வாங்கிக்கொண்டிருந்தார். டாமியெட்டாவில் சிக்கியவர்கள் இவருடைய படை வரும் வரும் என்று பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். சக்கரவர்த்தி போகவே இல்லை.

ஃபிரெடரிக்கைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். 1194-ல் பிறந்தார். மூன்று வயதுக்குள் அப்பா காலி. அம்மாவும் அடுத்த வருடமே போய்விட்டார். சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் அநாதை ராஜாவாக வளர்ந்தார். அந்தச் சிசிலி ஒரு விநோதமான ஊர். முன்னொரு காலத்தில் இருநூறு வருடம் முஸ்லிம்கள் ஆண்டது. பிறகு நார்மன்கள் என்கிற கிறிஸ்தவர்கள் பிடித்தார்கள். ஆட்சி மாறியதே தவிர அரபு மொழி போகவில்லை. ஃபிரெடரிக்கின் தாத்தா இரண்டாம் ரோஜருக்காக நெய்த அரச அங்கியின் ஓரத்தில் அரபு எழுத்துகள்தான் பொன்னிழையில் ஓடுகின்றன. இன்றைக்கும் வியன்னாவில் போய்ப் பார்க்கலாம்.

அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த பையனுக்கு, முஸ்லிம் என்றால் கொம்பு முளைத்த பிசாசு என்று யாராவது சொல்லிக்கொடுத்தால் ஏறுமா? அரண்மனையில் அரபு அறிஞர்கள், யூத அறிஞர்கள், கிறிஸ்தவ அறிஞர்கள் எல்லோருக்கும் இடம் இருந்தது. வல்லூறு வளர்த்து வேட்டையாடுவது பற்றி ஃபிரெடரிக் எழுதிய புத்தகம் இன்றும் இருக்கிறது. அதில், 'அரிஸ்டாட்டில் சொன்னது தப்பு, நான் கண்ணால் பார்த்தேன்' என்கிற ரீதியில் சர்வசாதாரணமாக எழுதியிருப்பார். அந்தக் காலத்தில் அரிஸ்டாட்டிலைத் தப்பென்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

உடனே, 'ஆஹா, என்ன பரந்த மனசு!' என்று கையெடுத்துக் கும்பிட்டுவிடாதீர்கள். இதே ஃபிரெடரிக், சிசிலி மலைகளில் கலகம் செய்த முஸ்லிம்களை நசுக்கி, ஆயிரக்கணக்கானவர்களைப் பிறந்த மண்ணிலிருந்து பிடுங்கி, இத்தாலியின் லூசெரா என்கிற ஊரில் கொண்டுபோய்க் கொட்டியவர். பிறகு அவர்களிலிருந்தே தனக்கு வில்லாளிகளைத் திரட்டிக்கொண்டவர். பழுத்த அரசியல்வாதி. மகானெல்லாம் கிடையாது.

1225-ல் போப்பாண்டவருக்கும் அவருக்கும் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. 1227 ஆகஸ்டுக்குள் சிலுவைப் போருக்குக் கிளம்ப வேண்டும். கிளம்பாவிட்டால் திருச்சபையிலிருந்து விலக்கிவைக்கப்படுவார். அதே வருடம் ஜெருசலேம் ராஜ்ஜியத்தின் வாரிசான பதின்மூன்று வயதுப் பெண் இஸபெல்லாவை ஃபிரெடரிக் கல்யாணம் செய்துகொண்டார். பெண்ணின் அப்பா வேறு யாருமில்லை. டாமியெட்டாவில் 'வாங்கிக்கொள்வோம்' என்று சொன்ன அதே ஜான்தான். கல்யாணம் முடிந்த கையோடு மாமனாரின் ராஜா பட்டத்தை மாப்பிள்ளை பிடுங்கிக்கொண்டார். மாமனாருக்கு அந்த ஆத்திரம் கடைசிவரை அடங்கவில்லை.

1227-ல் படை கிளம்பத் தயாரானது. பிரிண்டிசி துறைமுகத்தில் கூட்டம் சேர்ந்த இடத்தில் கொள்ளை நோய் பரவியது. ஃபிரெடரிக் செப்டம்பரில் கப்பலேறினார். கூடவே நோயும் ஏறியது. உடன் வந்த முக்கியமான பிரபு ஒருவர் செத்தே போனார். சக்கரவர்த்தி கரைக்குத் திரும்பிவிட்டார்.

புதிதாகப் பதவிக்கு வந்திருந்த போப் ஒன்பதாம் கிரிகோரி, இந்தக் கதையை நம்பத் தயாராக இல்லை. நோயாவது, மண்ணாவது! ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். செப்டம்பர் மாதம் முடிவதற்குள் ஃபிரெடரிக்கைத் திருச்சபையிலிருந்து விலக்கி அறிவித்துவிட்டார். நம் பக்கத்து ஊர்விலக்கு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். இது சக்கரவர்த்திக்கு, ஐரோப்பா முழுவதற்கும் சேர்த்து. அவருக்குப் பூசை கிடையாது, நற்கருணை கிடையாது. நல்ல கிறிஸ்தவர்கள் யாரும் அவரோடு ஒட்டக் கூடாது.

போப்பின் கோபத்துக்கு மத காரணம் மட்டும் இருந்ததாக நினைக்க வேண்டாம். வடக்கே ஜெர்மனி, தெற்கே சிசிலி. நடுவில் போப்பின் ரோம். இரண்டு பக்கமும் ஒரே ஆள் ராஜாவாக இருந்தால் நடுவில் இருப்பவருக்குத் தூக்கம் வருமா?

ஃபிரெடரிக் என்ன செய்தார் தெரியுமா? விலக்கு நீங்கட்டும் என்று காத்திருக்கவில்லை. 1228 ஜூனில் சிலுவைப் போருக்குக் கிளம்பிவிட்டார்! போகாததற்காகத் திட்டிய போப், இப்போது போனதற்காகத் திட்டினார். விலக்கப்பட்டவன் எப்படிச் சிலுவைப் போர் நடத்தலாம்?

செப்டம்பர் 7-ம் தேதி அக்ரேயில் வந்து இறங்கினார். கையில் இருந்த படை சின்னது. இருந்த படையிலும் பாதி சொன்ன பேச்சுக் கேட்காது. டெம்ப்ளர்கள் என்கிற புகழ்பெற்ற துறவி வீரர்கள், 'விலக்கப்பட்டவனின் கட்டளைக்குக் கீழ்ப்படிய மாட்டோம்' என்று சொல்லி, ஒரு நாள் தூரம் பின்னால் தனியாக நடந்து வந்தார்கள். கடைசியில், கட்டளைகளைச் சக்கரவர்த்தி பெயரில் பிறப்பிக்காமல் கடவுள் பெயரில் பிறப்பிக்கலாம் என்று ஒரு சமரசம் கண்டுபிடித்தார்கள்.

எதிர்ப்பக்கம் அல் காமிலின் நிலைமை இதைவிடக் கூத்து.

உண்மையில் ஃபிரெடரிக்கை வரச் சொல்லி அழைத்ததே அவர்தான். ஆமாம்! அவருக்கும் தம்பி அல் முஅஸ்ஸமுக்கும் பகை முற்றிப்போயிருந்தது. அதனால் 1226-ல் தன் நம்பிக்கைக்குரிய அமீர் ஃபக்ருத்தீனைச் சிசிலிக்குத் தூது அனுப்பினார். 'நீங்கள் வந்து என் தம்பியை ஒரு கை பாருங்கள். ஜெருசலேமைத் தருகிறேன்' என்பது பேச்சு. (அப்போது ஜெருசலேம் தம்பியின் கையில் இருந்தது. தம்பி வீட்டுச் சொத்தை அண்ணன் தானம் செய்கிறார்!)

ஆனால், ஃபிரெடரிக் வந்து சேர்வதற்குள், 1227 நவம்பரில் தம்பி இறந்துபோனார். விருந்துக்கு அழைத்த காரணம் போய்விட்டது. விருந்தாளி மட்டும் வாசலில் வந்து நிற்கிறார். வாக்கைக் காப்பாற்றினால் முஸ்லிம் உலகம் காறித் துப்பும். காப்பாற்றாவிட்டால் யுத்தம். அல் காமிலின் கவனமோ, தம்பி மகன் தாவூத் ஆண்டுகொண்டிருந்த டமாஸ்கஸைப் பிடிப்பதில் இருந்தது.

ஃபிரெடரிக்குக்கும் அவசரம். போப்பின் படை அவருடைய இத்தாலிய ராஜ்ஜியத்துக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அந்தப் படையை நடத்தி வந்தவர்களில் முக்கியமானவர், பட்டத்தைப் பறிகொடுத்த அதே மாமனார் ஜான்!

ஆக, இரண்டு பேருக்கும் சண்டை போட நேரம் இல்லை. இரண்டு பேருக்கும் மானம் போகாமல் இருக்க வேண்டும். பேச ஆரம்பித்தார்கள்.

மாதக்கணக்கில் பேசினார்கள். அல் காமில் சார்பில் அதே ஃபக்ருத்தீன் வந்து போய்க்கொண்டிருந்தார். நடுநடுவே ஃபிரெடரிக் கணக்கிலும் தத்துவத்திலும் கஷ்டமான கேள்விகளை எழுதி சுல்தானுக்கு அனுப்புவார். சுல்தானும் அறிஞர்களோடு விடிய விடிய வாதம் செய்கிற ஆள்தான். கேள்விகளைத் தன் கணித மேதைகளிடம் கொடுத்துப் பதில் வாங்கி அனுப்பினார். இரண்டு படைகள் எதிரெதிரே நிற்கும்போது இரண்டு ராஜாக்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள் என்று முகாமில் இருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள்.

1229 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. காலம், 10 வருடம், 5 மாதம், 40 நாள்.

ஜெருசலேம், பெத்லஹேம், நாசரேத் மூன்றும் கிறிஸ்தவர்களுக்கு. கூடவே கடற்கரையிலிருந்து யாத்ரீகர்கள் வந்துபோக ஒரு வழி. ஆனால், ஜெருசலேமுக்கு உள்ளே, அல் அக்ஸா பள்ளிவாசலும் தங்கக் குவிமாடம் கொண்ட பாறைக் குவிமாடமும் இருக்கிற அந்த வளாகம் மட்டும் முஸ்லிம்களுக்கே. அங்கே அவர்கள் தொழலாம், பாங்கு சொல்லலாம். நகரத்தில் இருக்கும் முஸ்லிம்களின் வழக்குகளை அவர்களுடைய காஜியே விசாரிப்பார்.

இரண்டு மதங்களும் உயிருக்குயிராக நேசித்த ஒரு நகரத்தில், உனக்குரியது உனக்கு, எனக்குரியது எனக்கு என்று கோடு போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். 130 வருடங்களாக யாருக்கும் தோன்றாத யோசனை. தோன்றியிருந்தாலும் செய்யாத யோசனை.

மார்ச் 17-ம் தேதி ஃபிரெடரிக் ஜெருசலேமுக்குள் நுழைந்தார். அன்றிரவு நடந்த ஒரு சம்பவத்தை அரபு சரித்திர ஆசிரியர் இப்னு வாஸில் எழுதி வைத்திருக்கிறார். சக்கரவர்த்தி தங்கியிருக்கிறாரே, அவர் மனம் புண்படக் கூடாது என்று, கூட இருந்த காஜி, மோதினாரிடம் பாங்கு சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டார். காலையில் ஃபிரெடரிக் காஜியைக் கூப்பிட்டு, ஏன் பாங்குச் சத்தம் கேட்கவில்லை என்றார். உங்களுக்கு மரியாதை செய்வதற்காகத்தான் என்றார் காஜி. தப்பு செய்துவிட்டீர்கள், நான் இங்கே ராத்தங்கியதே அதைக் கேட்பதற்காகத்தான் என்று பதில் வந்தது.

மறுநாள் இயேசுவின் கல்லறை ஆலயத்துக்குப் போனார். விலக்கப்பட்டவருக்கு எந்தப் பாதிரியார் முடிசூட்டுவார்? பீடத்தின் மேலிருந்த கிரீடத்தைத் தானே எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டார். ஜெருசலேமின் ராஜா!

அடுத்த நாளே ஆர்ச்பிஷப் ஒருவர் வந்து சேர்ந்தார், வாழ்த்துவதற்காக அல்ல. அந்தப் புனித நகரம் முழுவதற்கும் வழிபாட்டுத் தடை அறிவிப்பதற்காக! சபிக்கப்பட்டவன் காலடி பட்ட நகரத்தில் பூசை கூடாது. யோசித்துப் பாருங்கள். இத்தனை வருடம் கழித்து ஜெருசலேம் கைக்கு வந்திருக்கிறது. அங்கே போய்ப் பிரார்த்தனை செய்யக் கூடாது என்று தடை போடுவது கிறிஸ்தவத் திருச்சபை.

'முஸ்லிம்கள் பக்கம் சந்தோஷப்பட்டிருப்பார்கள்' என்று நினைத்தீர்களானால், அதுவும் தப்பு. ஜெருசலேமை விட்டு முஸ்லிம்கள் வெளியேற வேண்டும் என்று அறிவித்தபோது ஊரே ஓலமிட்டது. அங்கிருந்த இமாம்களும் மோதினார்களும் நேராக அல் காமிலின் கூடாரத்துக்கு வந்து, தொழுகை நேரமே இல்லாத நேரத்தில், வாசலில் நின்று பாங்கு சொன்னார்கள். அது அவர்களின் கண்டனம். சுல்தானுக்குக் கோபம் தலைக்கேறியது. டமாஸ்கஸில் தாவூத் இந்தச் சந்தர்ப்பத்தை விடுவாரா? பெரிய பள்ளிவாசலில் இப்னுல் ஜவ்ஸியின் பேரன் என்று புகழ்பெற்றிருந்த பிரசங்கியைப் பேசச் சொன்னார். ஜெருசலேம் பறிபோன கதையை அவர் சொல்லச் சொல்ல, கூட்டம் கதறி அழுதது.

அல் காமில் தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிப் பார்த்தார். நான் கொடுத்தது இடிந்த வீடுகளையும் சர்ச்சுகளையும்தான். பள்ளிவாசல் நம்மிடம் இருக்கிறது. மதிலும் கிடையாது. காலம் வந்தால் எடுத்துக்கொள்ளலாம். கணக்கு சரிதான். ஆனால், அழுகிறவனிடம் போய்க் கணக்கு சொன்னால் எடுபடுமா?

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்க வேண்டும்.

1099-ல் ஜெருசலேமைப் பிடித்தவர்களை ஐரோப்பா தலைமேல் வைத்துக் கொண்டாடியது. 1187-ல் மீட்ட சலாவுதீனை முஸ்லிம் உலகம் இன்றும் கொண்டாடுகிறது. 1229-ல் யாருமே சாகாமல் அதே நகரத்துக்கு ஒரு வழி செய்த இரண்டு பேருக்கும், அவரவர் ஆட்களிடம் கிடைத்த பட்டம், துரோகி. ஏன்?

மதத்தின் பெயரால் ஒரு யுத்தம் நூறு வருடத்துக்கு மேல் நடந்துவிட்டால், பிறகு யுத்தம்தான் புனிதமாகிவிடுகிறது. நகரம் இரண்டாம் பட்சம். தாத்தா செத்தார், அப்பா செத்தார், அண்ணன் செத்தான். அவ்வளவு பேர் உயிரைக் கொடுத்தும் கிடைக்காத ஒன்றை, ஒருத்தன் நாலு கடிதம் எழுதி வாங்கிவிட்டான் என்றால், செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதைவிட, வாங்கியவன் மேல் குடலை வீசுவது சுலபம்.

அதேசமயம், குடல் வீசியவர்கள் எல்லோரும் மூடர்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அக்ரேக்காரர்களுக்கு ஒரு நியாயமான பயம் இருந்தது. மதில் இல்லாத நகரத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, சக்கரவர்த்தி தன் ஊருக்குப் போய்விடுவார். நாளை ஏதாவது நடந்தால் சாகப்போவது நாம்தானே? உள்ளூர்க்காரர்கள் யாரையும் கேட்காமல் இரண்டு ராஜாக்கள் தங்கள் வசதிக்காகச் செய்துகொண்ட சமாதானம் அது. அந்த இரண்டு பேரைத் தவிர அதற்குச் சொந்தம் கொண்டாட ஆளில்லை. அதுதான் அதன் பலவீனம்.

ஆனாலும் பாருங்கள், அந்த அநாதைச் சமாதானம் சொன்ன காலம் வரைக்கும் நின்றது. பத்து வருடம் ஜெருசலேமுக்காகப் பெரிய யுத்தம் எதுவும் நடக்கவில்லை. யாத்ரீகர்கள் வந்தார்கள், போனார்கள். பாங்கும் ஒலித்தது. மணியும் ஒலித்தது.

1238-ல் அல் காமில் இறந்தார். 1239-ல் ஒப்பந்தக் காலம் முடிந்தது. அவ்வளவுதான், மறுபடி ஆரம்பித்துவிட்டார்கள். 1244-ல், அல் காமிலின் மகன் துணைக்கு அழைத்த குவாரஸ்மியப் படை, மங்கோலியர்களிடம் நாட்டைப் பறிகொடுத்துவிட்டு நாடோடியாகத் திரிந்த முரட்டுக் கூட்டம், ஜெருசலேமுக்குள் பாய்ந்தது. மதில் இல்லாத ஊர். தப்பி ஓடிய கிறிஸ்தவர்கள் 6,000 பேரில் ஜாஃபா வந்து சேர்ந்தவர்கள் 300 பேர்தான் என்று அன்றைய குறிப்புகள் சொல்கின்றன. அதன்பிறகு 1917 வரை ஜெருசலேம் முஸ்லிம் ஆட்சியில்தான் இருந்தது.

தூதர் ஃபக்ருத்தீன் என்ன ஆனார்? பிரான்ஸ் ராஜா ஒன்பதாம் லூயி அடுத்த சிலுவைப் போருக்கு எகிப்துக்கு வந்தபோது, அவர் கிழவராகியிருந்தார். எகிப்தியப் படைக்குத் தலைமை அவர்தான். 1250 பிப்ரவரியில், மன்சூரா என்கிற ஊரில், காலையில் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் சிலுவைப் படை முகாமுக்குள் புகுந்துவிட்டது. கவசம்கூடப் போடாமல் குதிரையேறியவரை வெட்டிச் சாய்த்தார்கள். ஒரு காலத்தில் ஜெருசலேமைப் பேசிக் கொடுத்தவர் இவர் என்பது வெட்டியவர்களுக்குத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தாலும் கை நின்றிருக்குமா?

அதே வருடம் டிசம்பரில் ஃபிரெடரிக்கும் இறந்தார். ஊருக்குத் திரும்பி, மாமனாரின் படையை விரட்டி, போப்போடு சமாதானமாகி, மறுபடி சண்டையிட்டு, மறுபடி விலக்கப்பட்டு, விலக்கப்பட்டவராகவே செத்தார்.

அன்றைக்கு அக்ரே தெருவில் குடலடி பட்டபோது, உள்ளூர்ப் பிரபுக்கள் ஓடிவந்து கூட்டத்தை விரட்டி, கப்பலேறும் சக்கரவர்த்திக்கு விடை சொன்னார்களாம். அவரும் ஏதோ பதில் சொன்னார். மெல்லிய குரல். வாழ்த்தினாரா, சபித்தாரா என்று கேட்டவர்களுக்கே விளங்கவில்லை என்று, அவருடைய எதிரிகளில் ஒருவரே எழுதி வைத்திருக்கிறார்.

சரியாக 62 வருடம் கழித்து, 1291 மே மாதம் 18-ம் தேதி, எகிப்தின் மம்லூக் படை அக்ரே நகரத்தின் மதிலை உடைத்து உள்ளே நுழைந்தது. பேச்சுவார்த்தைக்கெல்லாம் நேரம் இருக்கவில்லை. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் பிழைத்தார்கள். மற்றவர்கள் செத்தார்கள், அல்லது அடிமைச் சந்தைக்குப் போனார்கள். கூட்டம் உயிர் தப்ப அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியது, சக்கரவர்த்தி குடலடி வாங்கிக்கொண்டே போய்ச் சேர்ந்த அதே துறைமுகத்துக்குத்தான்.